மணிக்கட்டு வயதைச் சொல்லுமா?

நீளத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. நிறையை அளக்கத் தராசு இருக்கிறது. வெப்பநிலையை அளக்க வெப்பமானி இருக்கிறது. ஒருவருடைய வயதை அளக்க ஏதேனும் கருவி உண்டா?

"எதற்குக் கருவி? பிறந்த தேதியைக் கேட்டால் போதுமே" என்று நீங்கள் சொல்லக்கூடும். உங்களுக்கும் எனக்கும் அது போதும். ஆனால் ஆப்பிரிக்கக் கண்டத்தின் சிறுவர் கால்பந்துப் போட்டியில் அது போதாமல் போயிற்று. அங்கே வயதை அறிய மிகப் பெரிய காந்தம் ஒன்றின் உதவியை நாடவேண்டி வந்தது. அந்தக் காந்தம் எப்படி வேலை செய்கிறது, அது சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

போட்டியும் புகாரும்

'17 வயதுக்குட்பட்டோருக்கான ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை' என்பது அந்தப் போட்டியின் பெயர். நாடுகள் ஓரிடத்தில் கூடி ஆடும் போட்டியாக அது 1995-ஆம் ஆண்டு மாலி நாட்டில் முதன்முதலாக நடந்தது, கானா வென்றது. 2025-ஆம் ஆண்டு மொராக்கோவில் நடந்த போட்டியில் 16 நாடுகள் கலந்துகொண்டன. இறுதி ஆட்டத்தில் மொராக்கோ, பெனால்ட்டி உதைகளில் மாலியைத் தோற்கடித்துக் கோப்பையைப் பெற்றது.

இப்போட்டியில் முன்னணிக்கு வரும் அணிகள் அதே வயதினருக்கான உலகக் கோப்பைக்குச் செல்கின்றன. அந்த உலகப் போட்டி 1985-இல் சீனாவில் தொடங்கியபோது, முதல் கோப்பையை வென்ற நாடு நைஜீரியா. பின்னர் 1993, 2007, 2013, 2015 ஆகிய ஆண்டுகளிலும் அந்நாடே வென்றது. 2015-இல் பத்து கோல்கள் அடித்த விக்டர் ஓசிமென் பிற்காலத்தில் ஐரோப்பாவில் பெரும் புகழ் பெற்றார். ஆம், ஐரோப்பியக் கழகங்களின் ஆட்கள் இந்தச் சிறுவர் போட்டிகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக ஆடும் பையன் ஒருவனுக்கு ஒப்பந்தம் கிடைத்தால் அவன் குடும்பத்தின் நிலையே மாறிவிடும்.

ஆகவே, இருபது வயது இளைஞன் ஒருவனைப் பதினாறு வயதுப் பையன் என்று எழுதி ஆட வைக்கும் ஆசை சிலருக்கு வருகிறது. உடல் முற்றிய இளைஞன் வேகமாக ஓடுவான், வலுவாக மோதுவான். அவன் அணியில் சேர்ந்தால், உண்மையாகவே பதினாறு வயதான ஒரு பையன் அந்த இடத்தை இழந்து வீட்டில் இருக்கவேண்டும்.

இது வெறும் சந்தேகம் அன்று. 1988 ஒலிம்பிக் போட்டியில் ஆடிய நைஜீரிய வீரர்கள் மூவரின் பிறந்த தேதிகள், அதற்கு முன்னர் வேறு போட்டிகளுக்கு அவர்கள் கொடுத்த தேதிகளிலிருந்து மாறுபட்டிருந்தன. அதன் காரணமாக, உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா 1989-இல் நைஜீரியாவின் இளைஞர் அணிகளுக்கு இரண்டு ஆண்டுத் தடை விதித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் பிறப்பு எந்தப் பதிவேட்டிலும் பதியப்படவில்லை என்கிறது யுனிசெஃப் நிறுவனம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பையனுக்குச் சான்றிதழ் பிற்பாடுதான் எழுதப்படுகிறது. எழுதுபவர் நினைத்த தேதியே பிறந்த தேதியாகிறது. எனவே வெறும் காகிதத்தைக் கொண்டு யார் உண்மை சொல்கிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று தீர்மானிக்க முடிவதில்லை. காகிதத்தில் இல்லாதது உடலில் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா?

எலும்பு வளரும் இடம்

உங்கள் இடது கையை நீட்டி, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டுக்குச் சற்று மேலே தொட்டுப் பாருங்கள். அங்கே தட்டுப்படுவது ரேடியஸ் எனப்படும் ஆர எலும்பின் முனை. முழங்கையிலிருந்து வரும் இந்த எலும்பு எப்படி நீளுகிறது? ரப்பரைப் போல முழு நீளத்திலும் இழுபட்டு நீளுவதில்லை. முனைக்கு அருகே ஒரு மெல்லிய குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. அதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயர். அத்தட்டில் புதிய குருத்தெலும்புச் செல்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். பழைய செல்கள் இருந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாகும். எலும்பு நீளும், நீங்களும் உயர்வீர்கள்.

பருவ வயதின் இறுதியில், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் தூண்டுதலால் இவ்வேலை மெல்ல நிற்கிறது. இந்த ஹார்மோன் பெண்களுக்கே உரியது என்று எண்ணவேண்டாம். ஆண்களின் உடலிலும் வளர்ச்சித் தட்டை மூடுவது இதுவே. தட்டின் நடுவே இங்குமங்குமாக எலும்புப் பாலங்கள் தோன்றுகின்றன. நாளடைவில் தட்டு முழுவதும் எலும்பாகி, முனையும் தண்டும் ஒன்றாக இணைந்துவிடும். அதன்பின் அந்த எலும்பு நீளாது.

ஆக, மணிக்கட்டின் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது என்று சொல்லலாம். தட்டு திறந்திருந்தால் இளம் வயது. மூடிவிட்டால் முதிர்ந்த வயது. இனி அதைத் தோலைக் கிழிக்காமல் பார்க்கவேண்டும்.

எக்ஸ் கதிர் ஏன் வேண்டாம்?

1895-இல் ராண்ட்ஜென் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்கள் எலும்பைப் படமெடுப்பதில் வல்லவை. 1950-இல் கிரியூலிச், பைல் என்னும் இரு அமெரிக்கர்கள், சிறுவர் சிறுமியரின் கை எலும்புப் படங்களை வயதுவாரியாகத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைச் சோதிக்கும் மருத்துவர்களுக்கு அந்நூல் பெரிதும் பயன்பட்டு வருகிறது.

ஆயினும் கால்பந்துக்கு இந்த வழி ஏற்கப்படவில்லை. கையை ஒருமுறை எக்ஸ் கதிரில் படமெடுப்பதால் ஏற்படும் கதிர்வீச்சு மிகச் சொற்பமே. ஆனால் நோயுற்றவனுக்கு அதனால் நன்மை உண்டு. நோயில்லாத பையனுக்கு என்ன நன்மை? விளையாட்டுச் சங்கம் ஒன்றின் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக நலமாயுள்ள சிறுவர்கள் மீது கதிர்வீச்சைச் செலுத்துவது முறையாகாது என்பது மருத்துவர்களின் முடிவு. அதனால் கதிர்வீச்சு இல்லாத முறை தேவைப்பட்டது. அதுதான் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம்.

தலையாட்டும் பம்பரங்கள்

நம் உடலின் பெரும்பகுதி நீரும் கொழுப்பும் ஆகும். இரண்டிலும் ஹைட்ரஜன் உண்டு. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரே ஒரு புரோட்டான். இந்தப் புரோட்டானுக்குத் தற்சுழற்சி உண்டு. அத்துடன் அது ஒரு சின்னஞ்சிறு காந்தமாகவும் இருக்கிறது.

பம்பரம் விட்டுப் பார்த்திருப்பீர்கள். சற்றுச் சாய்ந்த பம்பரம் உடனே விழுவதில்லை. சுழன்றுகொண்டே தலையை மெல்ல வட்டமாக ஆட்டுகிறது. புவியீர்ப்பு அதைத் தலையாட்ட வைக்கிறது. காந்தப் புலத்தில் வைத்த புரோட்டானும் அவ்வாறே தலையாட்டுகிறது. புலம் வலுக்க வலுக்கத் தலையாட்டமும் விரைவாகிறது. ஒரு டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் அது விநாடிக்கு 4 கோடியே 26 இலட்சம் தடவை தலையாட்டும், அதாவது 42.6 மெகாஹெர்ட்ஸ்.

மருத்துவமனைகளில் பெரும்பாலும் காணப்படும் எம்.ஆர்.ஐ. கருவியின் புலம் 1.5 டெஸ்லா. இது புவியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. இவ்வளவு வலிய புலத்தைப் பெற, கம்பிச்சுருளைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்து, மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக்கி, அதில் மின்னோட்டம் செலுத்துகிறார்கள். 42.6-ஐ 1.5-ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் வரும். இது எஃப்.எம். வானொலி அலைவரிசைக்குச் சற்றே கீழே உள்ள அதிர்வெண். ஆகவே கருவி அனுப்புவது வெறும் ரேடியோ அலைதான். எக்ஸ் கதிரைப் போல அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்தெறியும் ஆற்றல் அதற்குக் கிடையாது.

ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் தள்ளினால் சிறு விசையே பெரிய ஆட்டத்தைத் தரும் அல்லவா? அதுபோல, தலையாட்டத்தின் அதிர்வெண்ணும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணும் ஒன்றாகும்போது புரோட்டான்கள் அலையின் ஆற்றலை ஏற்றுக்கொண்டு சாய்கின்றன. இதுவே ஒத்ததிர்வு. அலையை நிறுத்தியதும் சாய்ந்த புரோட்டான்கள் தாமே ஒரு மெல்லிய ரேடியோ அலையை வெளிவிடுகின்றன. மணிக்கட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதைப் பிடித்துக்கொள்கிறது.

இங்கே ஒரு வியப்பான செய்தி. புரோட்டான்களில் ஏறத்தாழப் பாதி புலத்தின் திசையிலும், பாதி எதிர்த்திசையிலும் நிற்பதால் அவற்றின் விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது பத்து இலட்சத்துக்கு ஐந்து மட்டுமே. எனினும் ஒரு கன மில்லிமீட்டர் நீரில் அப்படி மிஞ்சும் புரோட்டான்கள் மூன்று கோடி கோடிக்கு மேல் இருக்கும். கருவிக்கு அது போதும்.

அலை எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை எப்படி அறிவது? புலத்தை வேண்டுமென்றே ஒரு பக்கம் சற்று மிகுதியாகவும் மறுபக்கம் சற்றுக் குறைவாகவும் வைக்கிறார்கள். இடத்துக்கு இடம் அதிர்வெண் மாறுகிறது. ஆர்மோனியத்தின் சுரத்தைக் கேட்டு எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்று சொல்வதுபோல, வந்த அலையின் அதிர்வெண்ணைக் கொண்டு அது புறப்பட்ட இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். இந்த எண்ணத்தை 1973-இல் வெளியிட்டவர் அமெரிக்கரான பால் லாட்டர்பர். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இம்முறையை மேலும் வளர்த்தார். இருவருக்கும் 2003-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கறுப்புக் கோடு

சாய்ந்த புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம் எல்லாப் பொருளிலும் ஒன்றல்ல. எலும்பு முனையின் உள்ளே உள்ள மஜ்ஜையில் கொழுப்பு மிகுதி. கொழுப்பின் புரோட்டான்களுக்கு இந்தக் காலம் ஏறத்தாழக் கால் விநாடி. குருத்தெலும்பில் உள்ள நீருக்கோ ஏறத்தாழ ஒரு விநாடி. அரை விநாடிக்கு ஒருமுறை ரேடியோ அலையைச் செலுத்தினால் என்ன ஆகும்? அதற்குள் கொழுப்பு 86 சதவீதம் மீண்டிருக்கும். குருத்தெலும்பு 39 சதவீதமே மீண்டிருக்கும். எனவே படத்தில் மஜ்ஜை வெண்மையாகவும் வளர்ச்சித் தட்டு கறுத்தும் தெரியும்.

வளரும் சிறுவனின் படத்தில், வெண்மையான இரு பகுதிகளுக்கு இடையே ஒரு கறுப்புக் கோடு குறுக்கே ஓடும். தட்டு மூட மூட, கோட்டின் குறுக்கே வெண்பாலங்கள் தோன்றும். முற்றிலும் மூடியபின் கோடு மறைந்துபோகும்.

ஃபிஃபாவின் மருத்துவர் ஜிரி த்வொராக்கும் அவருடைய குழுவினரும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுவிட்சர்லாந்து, மலேசியா, அல்ஜீரியா, அர்ஜென்டினா ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்த, 14 முதல் 19 வயது வரையுள்ள 496 ஆட்டக்காரர்களின் மணிக்கட்டுகளைப் படமெடுத்தார்கள். தட்டு முழுவதும் திறந்திருப்பது முதல் நிலை, முழுவதும் இணைந்திருப்பது ஆறாம் நிலை என ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். பதினாறு வயதினரில் ஆறாம் நிலையை எட்டியவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று கண்டார்கள்.

இதிலிருந்து ஒரு விதி பிறந்தது: ஆறாம் நிலையில் உள்ளவன் 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஆடக்கூடாது. 2009-இல் நைஜீரியாவில் நடந்த உலகப் போட்டியில் இச்சோதனை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. போட்டியை நடத்திய நைஜீரியாவே தன் அணியிலிருந்து பலரை முன்கூட்டியே நீக்கிவிட்டு ஆடியது. அப்படியும் இறுதி ஆட்டம் வரை வந்து சுவிட்சர்லாந்திடம் தோற்றது. பெண்களுக்கு எலும்பு முன்னதாகவே இணைந்துவிடுவதால் இந்த அளவுகோல் அவர்களுக்குப் பொருந்தாது.

நூற்றில் ஒருவன்

இனி, மாணவர்களே, சற்று நிதானமாகச் சிந்திக்கவேண்டிய இடத்துக்கு வருகிறோம். கருவி அளந்தது வயதையா? இல்லை. அது அளந்தது எலும்பின் முதிர்ச்சியை. இரண்டும் ஏறத்தாழச் சேர்ந்து செல்கின்றன; ஆனால் ஒன்றல்ல. உங்கள் வகுப்பிலேயே ஒரே வயதினரில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருவன் ஐந்தாம் வகுப்புப் பையனைப்போல இருப்பான். சரியான உணவில்லாமல் வளர்ந்தவனுக்கு எலும்பு முதிர்வது தாமதமாகும். 18, 19 வயதிலும் பலருக்குத் தட்டு முழுவதும் மூடியிருப்பதில்லை. அப்படிப்பட்டவன் சோதனையில் தேறிவிடுவான். ஆகவே, 'தேறினான்' என்றால் 'வயது குறைந்தவன்' என்று பொருளல்ல.

எதிர்ப்பக்கத்தையும் கணக்கிடுவோம். 16 நாடுகள், நாட்டுக்கு 20 பேர், ஆக மொத்தம் 320 பேர் வருகிறார்கள் என்று கொள்வோம். அனைவருமே பொய் சொல்லாத பதினாறு வயதுப் பையன்கள் என்றும் கொள்வோம். நூற்றுக்கு ஒருவன் வீதம் முன்னதாகவே எலும்பு முதிர்ந்திருந்தால், மூன்று பேர் எக்குற்றமும் செய்யாமல் வெளியேற நேரும். 99 சதவீத உறுதி என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அந்த மூவரில் ஒருவனாக நின்று பார்த்தால்தான் மீதி ஒரு சதவீதத்தின் பாரம் தெரியும்.

இதே கணக்கு வேறிடத்தில் வேறு பாடம் தருகிறது. 2023-ஆம் ஆண்டுப் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு முன்பு கேமரூன் நாட்டுச் சங்கம் தன் சிறுவர் அணியைச் சோதித்தது. 30 பேரில் 21 பேர் தேறவில்லை. புகழ்பெற்ற முன்னாள் ஆட்டக்காரர் சாமுவேல் எட்டோ அப்போது அச்சங்கத்தின் தலைவர். அவர்களை நீக்கிவிட்டு வேறு பையன்களைத் தேடினார்கள். 30 பேரும் உண்மை வயதினராக இருந்தால் எத்தனை பேர் தவறிப்போய் ஆறாம் நிலையில் இருப்பார்கள்? ஒருவர்கூட இல்லாமல் போகலாம். அதிகம் போனால் ஒருவர். 21 பேர் என்பது தற்செயலாக நடக்கக்கூடியதன்று.

இதிலிருந்து தெரிவது என்ன? ஓர் அணியைப் பற்றி இந்தச் சோதனை சொல்வது மிகவும் நம்பத்தக்கது. தனி ஒரு பையனைப் பற்றி அது சொல்வதில் சிறு ஐயம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் தண்டனை விழுவதோ தனிப் பையன் மீது. அவனுடைய பிறந்த தேதியை எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் அவனல்லன். பெரியவர்கள் எவரோ ஒருவர்.

படம் எடுத்துவிட்டால் காகிதத்துக்கு வேலையில்லை என்றும் நினைக்கவேண்டாம். 2019-இல் தான்சானியாவில் நடந்த போட்டியில் கினி அணி இறுதி ஆட்டம் வரை வந்தது. பின்னர் அவ்வணியின் இருவருக்கு, முன்பு ஜப்பானில் நடந்த ஒரு போட்டியில் வேறு பிறந்த தேதிகள் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கினி உலகக் கோப்பைக்குச் செல்லும் தகுதியை இழந்தது. செனகல் அவ்விடத்தைப் பெற்றது. அங்கே உண்மையைக் காட்டியது காந்தமன்று, ஒரு பழைய பதிவேடு.

போட்டியின் விதியும் பதிவேட்டின் மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2025 போட்டிக்கு, 2008 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களே ஆடலாம். டிசம்பர் 31 அன்று பிறந்தவனையும் மறுநாள் பிறந்தவனையும் எந்த எலும்பாலும் பிரித்துக் காட்ட முடியாது. ஒவ்வொரு ஊரிலும் குழந்தை பிறந்த அன்றே அதைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்குமானால் மணிக்கட்டைச் சோதிக்கும் அவசியமே நேராது. அந்த ஏற்பாடு வரும் வரையில் இந்தச் சோதனையும் தேவைப்படும். அதன் பிழையை நினைவில் வைத்திருப்பதும் தேவைப்படும்.

உங்கள் வகுப்பில் நண்பர்களுடன் விவாதிக்க ஒரு கேள்வி. பொய் வயதினர் பலர் தப்பினாலும் பரவாயில்லை, உண்மை வயதினன் ஒருவன்கூட வெளியேறக்கூடாது என்று விதி செய்வீர்களா? அல்லது மூவர் வெளியேறினாலும் பரவாயில்லை, பொய் வயதினரைத் தடுக்கவேண்டும் என்பீர்களா? ஆறாம் நிலைக்குப் பதிலாக ஐந்தாம் நிலையிலேயே தடுத்தால் எந்தப் பிழை கூடும், எந்தப் பிழை குறையும் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள்.